மெஷின் ஹெட் பிறந்த ஊரில்: மோன்ட்ரோ நாட்குறிப்பு

வியாழன், மோன்ட்ரோ

ஜெனீவா விமான நிலையத்தை விட்டு வெளியே வரவே வேண்டாம், அங்கேயே ரயில் ஏறிவிடலாம். சுவிட்சர்லாந்தின் ஏரிக்கரை ஊரான மோன்ட்ரோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். லோசான் தாண்டியதும் ஏரி தண்டவாளத்தை ஒட்டியே வருகிறது. இடது பக்கம் லாவோ திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக மலை ஏறுகின்றன. இலை உதிர்ந்து கல் சுவர்கள் மட்டும் தெரிகிற பருவம் இது.

இந்த ஊருக்குப் பெரும்பாலும் கோடையில்தான் ஆட்கள் வருவார்கள். ஜூலையில் ஜாஸ் விழா நடக்கும். நான் டிசம்பரில் வந்து நிற்பதற்குக் காரணம் ஒரு ராக் ஆல்பம். டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘மெஷின் ஹெட்’ 1971 டிசம்பர் 6 முதல் 21 வரை இதே ஊரில், இதே குளிரில் ஒலிப்பதிவானது. ஏழு பாட்டு, 37 நிமிடம் சொச்சம். கிட்டார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் இயன் பேய்ஸ், பேஸ் கிட்டார் ரோஜர் குளோவர், குரல் இயன் கில்லன். புதிதாகக் கிட்டார் வாங்கிய எவரும் முதலில் தடவிப் பார்க்கும் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ இதில்தான் இருக்கிறது.

கல்லூரிக் காலத்தில் ஒரு நண்பன் பதிவுசெய்து கொடுத்த கேசட்டில் இந்த ஆல்பம் என்னிடம் வந்தது. நான் எவ்வளவோ இசை கேட்டிருக்கிறேன். இந்த 37 நிமிடம் மட்டும் ஏன் ஐந்து பேர் நம் முன்னால் நின்று வாசிப்பது போலவே கேட்கிறது என்பது எனக்குத் தீராத கேள்வி. அதற்குப் பதில் இந்த ஊரின் கட்டடங்களில் கிடைக்கும் என்று நம்பித்தான் வந்திருக்கிறேன்.

அறையில் பையைப் போட்டுவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தேன். கிறிஸ்துமஸ் சந்தை களைகட்டியிருக்கிறது. கரை நெடுக மரக் கடைகள், உருக்கிய சீஸ் வாசம், பெரிய பாத்திரங்களில் ஆவி பறக்கும் ஒயின். கூட்டத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் காசினோ வருகிறது. கதை அங்கேதான் ஆரம்பம் என்பதால் அதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஸ்டூடியோவில் பதிவு செய்தால் தங்கள் மேடைச் சத்தம் செத்துவிடுகிறது என்பது அந்தக் குழுவின் நெடுநாள் குறை. முந்தைய ஆல்பம் ‘ஃபயர்பால்’ கச்சேரிப் பயணங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பதிவானது. 1971 இலையுதிர் காலத்தில் கில்லனுக்குக் கல்லீரல் அழற்சி வந்து அமெரிக்கப் பயணம் ரத்தாக, கையில் நேரம் இருந்தது. வெளிநாட்டில் பதிவு செய்தால் பிரிட்டிஷ் வரிச் சுமையும் குறையும். மோன்ட்ரோ காசினோவில் ஏற்கெனவே வாசித்திருந்தார்கள். ஜாஸ் விழாவை நடத்திய க்ளோட் நோப்ஸ் பழக்கமானவர். பனிக்காலத்துக்குக் காசினோவை மூடுவதற்கு முன் கடைசிக் கச்சேரி அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவுடையது. அது முடிந்ததும் அரங்கம் முழுக்க டீப் பர்ப்பிளுக்கு. வெளியே நிறுத்துவதற்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டூடியோ, அதாவது ஒலிப்பதிவுக் கருவிகள் நிரம்பிய லாரி, வாடகைக்கு வந்துவிட்டது.

டிசம்பர் 4, சனிக்கிழமை. கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது கூட்டத்தில் ஒருவன் அபாயச் சமிக்ஞைத் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டான். கூரையில் பிரம்பு வேய்ந்திருந்தது, பற்றிக்கொண்டது. ஸாப்பா பாட்டை நிறுத்தி, பதறாமல் வெளியேறச் சொன்னார். நோப்ஸ் உள்ளேயும் வெளியேயும் ஓடி, சிக்கிக்கொண்ட பிள்ளைகளை வெளியே இழுத்துவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை, அதுவே பெரிய விஷயம். கட்டடம் முழுக்க எரிந்துபோனது. ஸாப்பா குழுவின் கருவிகளும் போயின. டீப் பர்ப்பிள் ஆட்கள் ஹோட்டல் ஜன்னலில் நின்று, மலையிலிருந்து இறங்கிய காற்று புகையை ஏரி மேல் பரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரமே லண்டன் ரெயின்போ அரங்கில் பார்வையாளர் ஒருவர் ஸாப்பாவை மேடையிலிருந்து தள்ளிவிட, அவர் படுகாயம் அடைந்து பல மாதம் முடங்கினார். இந்தப் பாட்டைக் கொண்டாடும்போது அந்த மனிதருக்கு அந்த மாதம் எப்படிப் போனது என்பதையும் நினைக்கத்தான் வேண்டும்.

வெள்ளி, காசினோ

காலையில் லோசானிலிருந்து அக்கா மகன் வந்து சேர்ந்தான். அங்கே பொறியியல் படிக்கிறான். முதுகில் கிட்டார் பை, கையில் அவன் அம்மா சொல்லிச் செய்ய வைத்த புளியோதரை.

காசினோ இப்போதிருப்பது 1975இல் திரும்பக் கட்டியது. பழையது 1881இல் திறந்தது. புதிதில் பழைய அழகு எதுவும் இல்லை, கண்ணாடியும் கான்கிரீட்டும்தான். ஆனால் சூதாட்டக் கூடத்தின் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள், ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ஆரம்பத்தின் இசைக்குறிகள் அலங்காரமாக ஓடுகின்றன. தன்னை எரித்த தீயைப் பற்றிய பாட்டை ஒரு கட்டடம் மாலையாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்தது.

இதே காசினோவுக்குள் பிற்பாடு மவுன்டன் ஸ்டூடியோ வந்தது. 1979இல் குயீன் குழு அதை வாங்கியது. டேவிட் போவியுடன் சேர்ந்து ‘அண்டர் பிரஷர்’ பதிவானதும் இங்கேதான். இப்போது அது காட்சிக்கூடம், கட்டணம் இல்லை. விசிறிகள் சுவரெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கரையோரச் சந்தைத் திடலில் குயீன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி வெண்கலச் சிலையாகக் கையை உயர்த்தி நிற்கிறார், காலடியில் புதுப் பூக்கள். படம் எடுக்க வரிசை நிற்கிறது.

அந்த வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பார்க்காமல் கடந்துபோகும் இன்னொரு சின்னம் அதே கரையில் இருக்கிறது. டீப் பர்ப்பிள் பெயர், பாட்டின் பெயர், அந்த இசைக்குறிகள், அவ்வளவுதான். நான் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். ஃப்ரெடிக்கு இந்த ஊர் அமைதியைக் கொடுத்தது. டீப் பர்ப்பிளுக்குக் கொடுத்தது தீயையும் தெருவில் நிற்கும் நிலைமையையும். ஆல்பத்தை உண்டாக்கியது அந்த நிலைமைதான் என்பது என் கட்சி. அது நாளைக்கு.

சாயங்காலம் அறையில் பையன் கிட்டாரை எடுத்தான். சிறு வயதில் அக்காவிடம் பாட்டு கற்றவன் என்பதால் சுரமாகவே யோசிப்பான்.

“மாமா, இது ச க ம, அப்புறம் ச க, அதுக்கு மேல பிரதி மத்யமம் தொட்டு சுத்த மத்யமம். ரெண்டு மத்யமமும் பக்கத்துப் பக்கத்துல வருது, அதான் அந்தக் கடுகடுப்பு.”

சொல்லிவிட்டு, தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் வைத்து ஒருமுறை வாசித்தான். பிறகு பிக்கைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு தந்திகளில் கொடுத்து ஒரே சமயத்தில் கிள்ளினான். வித்தியாசம் சட்டென்று தெரிந்தது. பிக்கில் ஒரு தந்தி முந்தி, ஒன்று பிந்தி ஒலிக்கிறது. விரலில் இரண்டும் ஒன்றாக வெடிக்கின்றன. பிளாக்மோர் வாசிப்பது இரண்டாவது விதம். ஒவ்வொரு சுரத்தோடும், அதையும் சேர்த்து எண்ணினால் நான்காவதாக வரும் இன்னொன்றும் சேர்ந்தே ஒலிக்கிறது, அதனால்தான் அந்த நிறைவு. சுலபம் என்று எல்லோரும் வாசிக்கிறோம். சரியாக வாசிப்பவர்கள் குறைவு.

பதிவைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் கிட்டார் தனியாக. பிறகு பேய்ஸின் ஹை-ஹாட், அதாவது டிரம்ஸோடு இருக்கும் ஜோடித் தாளத்தட்டு, டிக்டிக் என்று சேர, ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன் அதே வரியைப் பிடிக்கிறது. ஆர்கனை அவர் மார்ஷல் கிட்டார் பெருக்கி வழியே செலுத்துவார், அதனால் அது ஆர்கன் என்றே பலருக்குத் தெரியாது. அப்புறம் முழு டிரம்ஸ். கடைசியில் குளோவரின் பேஸ் வந்ததும் தரை அதிர்கிறது. படியேறுவது போல ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள், அவசரமே இல்லை.

சனி, டெரிட்டே

இன்றைய நாளுக்காகத்தான் முழுப் பயணமும்.

ஏரிக்கரையோடு ஓடும் 201 பஸ்ஸில் ஏறி டெரிட்டேயில் இறங்கினோம். மோன்ட்ரோவின் ஓரம், ஷியோன் கோட்டைக்குப் போகும் வழி. ஒரு காலத்தில் ராஜ குடும்பங்கள் வந்து தங்கிய இடம். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்துக்கு இங்கே சிலை உண்டு. அவர்களெல்லாம் தங்கிய கிராண்ட் ஹோட்டலின் கட்டடம் இப்போது வீடுகளாகிவிட்டது. ஆட்கள் குடியிருக்கும் இடம் என்பதால் உள்ளே போக நாங்கள் முயலவில்லை. எதிர் நடைபாதையில் நின்று முகப்பையும் வரிசை வரிசையான பால்கனிகளையும் பார்த்தோம். அந்தப் பால்கனிகள் முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

காசினோ எரிந்ததும் நோப்ஸ் முதலில் அவர்களுக்குப் பிடித்துக் கொடுத்தது ஊர் நடுவிலிருந்த பெவிலியன் என்ற அரங்கம். அங்கே பிளாக்மோரின் அந்தச் சுரவரிசையை வைத்து ஒரு பாட்டின் வாத்தியப் பகுதியைப் பதிவு செய்தார்கள். பாட்டுக்குப் பெயர்கூட இல்லை, வெறும் ‘டைட்டில் நம்பர் ஒன்’. ராத்திரியில் ஊரே அதிர்ந்தது. அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. பதிவு முடியும் வரை குழுவின் உதவியாளர்கள் உள்ளேயிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். உலகமே தெரிந்துவைத்திருக்கும் அந்த வாசிப்பின்போது வாசலில் போலீஸ் நின்றுகொண்டிருந்தது!

அன்றோடு பெவிலியனும் போயிற்று. ஒரு ஒலிப்பதிவும் இல்லாத நாட்கள் கழிய, லாரி வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கிடைத்தது பனிக்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த இந்த கிராண்ட் ஹோட்டல். உள்ளே விறைக்கும் குளிர். நடைக்கூடத்தில் டிரம்ஸைப் போட்டார்கள். எதிரொலியை அடக்க அறைகளிலிருந்து மெத்தைகளை இழுத்துவந்து சுவரில் சாய்த்தார்கள். சிவப்பு பல்புகளை மாட்டினார்கள். லாரி வெளியே நின்றது, கேபிள்கள் கட்டடத்துக்குள் நுழைந்து வளைந்து வந்தன. லாரிக்குள் மார்ட்டின் பர்ச் என்ற ஒலிப்பதிவாளர். பிற்காலத்தில் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவின் ஆல்பங்களால் பெரிய பெயர் பெற்றவர், 2020இல் காலமானார்.

இப்போது பால்கனி. நடைக்கூடத்தை மெத்தையும் கேபிளும் அடைத்துவிட்டதால், வாசித்ததைக் கேட்டுப் பார்க்க லாரிக்குப் போக வேண்டுமென்றால் அறைகளுக்குள் புகுந்து, குளியலறையைக் கடந்து, பால்கனி தாண்டி, பனியில் இறங்கிப் போக வேண்டும். வந்த வழியே திரும்பவும் வேண்டும். சில தடவை போய்வந்தார்கள். அதற்குப் பிறகு விட்டுவிட்டார்கள். வாசித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, சரியாக வந்தது என்று பட்டால் அடுத்த பாட்டு.

என் பல வருடக் கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். வசதியான ஸ்டூடியோவில் ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டுத் திருத்துவார்கள். எல்லாம் சுத்தமாகும், மூச்சு போய்விடும். இங்கே கேட்டுப் பார்க்கும் வழியே அடைபட்டுக் கிடந்ததால், வாசிக்கும் அந்த நேரத்திலேயே ஐந்து பேரும் ஒருவரையொருவர் முழுக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டியிருந்தது. ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பாட்டை அந்த முகப்பைப் பார்த்தபடியே காதில் ஓட விட்டேன். எடுத்த எடுப்பில் பேய்ஸின் டிரம்ஸ் உருண்டு வருகிறதே, அதில் கேட்பது ஒரு கல் கட்டடத்தின் நடைக்கூடம். பனி, மலை, தனிமை என்று கில்லன் பாடுவதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே இருந்தவை. நடுவில் குளோவருக்கு ஒரு பேஸ் தனி ஆவர்த்தனம் உண்டு. அந்தக் காலத்து ராக்கில் பேஸ் வாசிப்பவருக்கு அப்படி இடம் விடுவது அபூர்வம்.

எல்லாமே அங்கே அந்த நிமிடத்தில் வந்தவை என்று சொல்லிவிடவும் முடியாது. ‘ஹைவே ஸ்டார்’ பாட்டு பஸ்ஸில் பிறந்தது. போர்ட்ஸ்மவுத் கச்சேரிக்குப் போகும் வழியில், பாட்டு எப்படி எழுதுகிறீர்கள் என்று ஒரு பத்திரிகையாளர் கேட்க, இப்படித்தான் என்று பிளாக்மோர் கிட்டாரைத் தட்ட, கில்லன் வரிகளைப் போட்டார். அதன் கிட்டார் தனியை பிளாக்மோர் முன்கூட்டியே ஒவ்வொரு சுரமாகக் கோத்து வைத்திருந்தார், ஜெர்மானிய இசைமேதை பாக்கின் கோவைகளை மனதில் வைத்து. அந்த உழைப்பும் இந்த அவசரமும் சேர்ந்த கலவைதான் மெஷின் ஹெட்.

அப்புறம் கடைசி நாட்களில் கணக்குப் பார்த்தால் ஆல்பத்துக்குச் சில நிமிடங்கள் குறைந்தன. பெவிலியனில் போலீஸைக் காக்க வைத்துப் பதிந்த அந்தப் பெயரில்லாத வாத்தியப் பதிவு ஞாபகம் வந்தது. தீ நடந்த சில நாளில் குளோவர் தூக்கத்திலிருந்து எழும்போது வாயில் வந்த சொற்றொடர்தான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. போதைப்பொருள் பாட்டு என்று நினைத்துவிடுவார்களோ என்று முதலில் தயங்கினார்கள். பிறகு நடந்ததை நடந்தபடியே எழுதினார்கள். ஸாப்பா, துப்பாக்கி, நோப்ஸ் ஓடியது, லாரி, மெத்தை, சிவப்பு விளக்கு, எல்லாம் வரிசையாக வரும். ஊர்ச் சம்பவத்தைத் தேதி வாரியாகப் பாடும் நம் கொலைச் சிந்து மாதிரியான நேர்மை அதில் இருக்கிறது.

அதில் யாரும் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. தனித்தட்டாக வெற்றி பெறும் என்று அவர்கள் பாடுபட்டது ‘நெவர் பிஃபோர்’ பாட்டுக்கு. அது பெரிதாக எடுபடவில்லை, எனக்கும் ஆல்பத்தில் அதுதான் சுமார். அதன் மறுபக்கத்தில் போட்ட ‘வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்’ இதே ஹோட்டலில் பதிந்தும் ஆல்பத்தில் சேராமல் போனது. அத்தனை கனிவான பாட்டை வெளியே விட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஞாயிறு, கோ

பல்சக்கர ரயிலில் மலைமேல் கோ என்ற கிராமத்துக்கு ஏறினோம். ரயில் முழுக்கக் குழந்தைகள், இன்னும் மேலே ரோஷே த நே உச்சியில் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்கப் போகிறார்கள். நாங்கள் பாதியில் இறங்கிவிட்டோம். கீழே மேகம் மூடி ஏரியே தெரியவில்லை, எதிரே மலைகள் மட்டும் வெயிலில்.

க்ளோட் நோப்ஸின் மரவீடு இங்கேதான். சமையல் கற்றவர், ஊர் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1967இல் நண்பர்களோடு சேர்ந்து ஜாஸ் விழாவை ஆரம்பித்தார். ஒலிப்பதிவு முடிந்த சமயம் குழுவினர் இந்த மலை வீட்டுக்கு வந்து, உனக்காக ஒரு சின்னப் பாட்டு என்று ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டைப் போட்டுக் காட்டியதாகவும், இது பெரிய வெற்றி பெறும் என்று தான் அடித்துச் சொன்னதாகவும் நோப்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னது பலித்தது, கொஞ்சம் தாமதமாக. ஆல்பம் 1972 மார்ச்சில் வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த ஆகஸ்டில் ஜப்பானில் வாசித்த கச்சேரிகள் ‘மேட் இன் ஜப்பான்’ என்று வெளிவந்தன. அதன் ஏழு பாட்டில் நான்கு மெஷின் ஹெட்டிலிருந்து வந்தவை. 1973இல்தான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ அமெரிக்காவில் தனித்தட்டாக வந்து நான்காம் இடம் வரை போனது. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்கு நிதி திரட்ட ராக் கலைஞர்கள் கூடியபோது, எல்லோரும் சேர்ந்து வாசிக்க எடுத்துக்கொண்ட பாட்டும் இதுவே.

நோப்ஸ் 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பனிச்சறுக்கில் விழுந்து, நினைவு திரும்பாமலே 2013 ஜனவரியில் காலமானார். ஜான் லார்ட் அதற்கு முந்தைய ஜூலையில். அந்த மரவீட்டை வெளியிலிருந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன். இவர் இல்லையென்றால் இந்த ஆல்பம் வேறு ஊரில், வேறு விதமாக ஆகியிருக்கும்.

திங்கள், லோசான்

பையன் படிக்கும் பொறியியல் கல்விக்கூடத்தில்தான் மோன்ட்ரோ விழாவின் பதிவுகளைக் கணினிமயமாக்கியிருக்கிறார்கள். நோப்ஸ் ஆரம்பம் முதலே கச்சேரிகளை நல்ல கருவிகளில் பதிந்து சேர்த்துவைத்தார். 5,000 மணி நேரத்துக்கும் மேல். 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அது சேர்ந்தது. வளாகத்திலேயே அதற்கென்று ஒரு காஃபி கடை உண்டு, அந்தப் பதிவுகளை அங்கே உட்கார்ந்து கேட்கலாம்.

அங்கே உட்கார்ந்து நாங்கள் பேசியது 2024இல் வந்த மெஷின் ஹெட் பொன்விழாப் பெட்டியைப் பற்றி. அதன் புது ஒலிக்கலவையைச் செய்தவர் டுவீஸில் ஸாப்பா. அன்றைக்குக் கருவிகளையெல்லாம் தீயில் இழந்த ஃபிராங்க் ஸாப்பாவின் மகன். அதே பெட்டியில் 1971 ஏப்ரலில் டீப் பர்ப்பிள் மோன்ட்ரோ காசினோவில் வாசித்த கச்சேரியும் இருக்கிறது, எரிவதற்கு முந்தைய அந்த அரங்கின் சத்தத்தோடு.

பையனுக்குப் புதுக் கலவைதான் பிடித்திருக்கிறது. “பேஸ் இப்பதான் மாமா ஒழுங்கா கேக்குது” என்கிறான். ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ வரைக்கும் அவன் சொல்வது உண்மைதான், குளோவரின் விரல் அழுத்தம்கூடத் தெரிகிறது. ஆனால் அதே ஆல்பத்தின் ‘லேஸி’ பாட்டுக்கு நான் பழையதையே கேட்பேன். ஆரம்பத்தில் லார்ட் தனியாக ஆர்கனை உறும விடுகிறாரே, பர்ச் அதை அந்த லாரிக்குள் எப்படிப் பிடித்தாரோ அப்படியே கேட்க வேண்டும். பாட்டு முடியும் வரை இதைப் பேசித் தீர்க்கவில்லை, அவனுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எனக்கு நாளை காலை ஜெனீவாவிலிருந்து விமானம்.